ஏழும் கரை வந்து சேர்ந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பிப்ரவரி 1 அன்று பாம்பன் கடற்கரையில் சில பேர் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, குளிர்பான பாட்டிலை மேலே விட்டு, அதற்குக் கல்பனா சாவ்லா நினைவு ராக்கெட் என்று பெயர் வைத்துக் கூத்தடித்தார்கள் என்று எழுதியிருந்தார். அந்தச் சில பேரில் மூத்தவன் நான்தான். பாம்பனில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், முப்பது வருடத்துக்கு மேலாகப் பஞ்சர் ஒட்டுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு பெரியம்மா கேட்ட கேள்வி பின்னால் வருகிறது, அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பிளாஸ்டிக் கடலுக்குப் போகிறது என்றார் அந்த வாசகர். ஹரியானாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவருக்கு இங்கே எதற்கு அஞ்சலி, நமக்குத்தான் கலாம் இருக்கிறாரே என்றார். கடைசியில் ஒரு கேலி: பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பம்ப் அடிப்பதெல்லாம் ராக்கெட்டா? பிளாஸ்டிக் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன். ஆனால் கேலிதான் சுருக்கென்று தைத்தது, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராக்கெட் என்றால் என்னங்க? ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த ஒரு கூடு. உள்ளே அழுத்தம். அந்த அழுத்தம் எதையாவது பின்னால் தள்ளினால் கூடு முன்னால் போகும். பின்னால் போவது நெருப்பா தண்ணீரா என்று நியூட்டன் பார்க்கவில்லை. தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை மட்டும் அடைத்துவிட்டாலும் பாட்டில் கிளம்பும், ஆனால் காற்றுக்குக் கனம் ரொம்பக் கம்மி, சீக்கிரமே விழுந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி மிச்சத்தில் காற்றை அடைத்தால் இரண்டு தென்னை மர உயரம் போகிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். நான் முதலில் தீபாவளி ராக்கெட் பத்து வாங்கி அறுத்து, மருந்தை ஒன்றாகக் கொட்டிப் பெரிதாக ஒன்று செய்யலாம் என்றுதான் கிளம்பினேன். சார் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஒரு கையால பஞ்சர் ஒட்டத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். சிவகாசி இங்கிருந்து தூரம் இல்லை, மருந்து என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் நடத்தவும் தேவையில்லை, ஆனாலும் ஆசை வந்துவிட்டால் புத்தி நாலு தெரு தள்ளித்தான் நிற்கிறது. வெடிபொருள் சட்டம் இருப்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பையன்கள் வீட்டுக்குப் பின்னால் மருந்து கிண்டி, இரும்புக் குழாயில் அடைத்துக் கையையும் கண்ணையும் போக்கிக்கொண்டிருந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்று ஒரு செருப்புக் கடைக்காரர் இருந்தார். வாண வேடிக்கையில் ஆசை உள்ளவர், அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாடல் விமானத்தில் ஆசை. இரண்டு பேருமாகச் சேர்ந்து 1954-இல் அட்டைக் குழாய், லேசான மரம், மாற்றிப் போடக்கூடிய சின்ன மோட்டார் ஒன்று என்று வைத்து முதல் மாடல் ராக்கெட்டைச் செய்தார்கள். ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர் பையன்களின் கைகள் போவதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, செருப்புக் கடைக்காரர் 1957-இல் தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைக்க, அங்கிருந்து பரவியதுதான் இந்த விளையாட்டு. கொஞ்ச நாளிலேயே வெர்ன் எஸ்டஸ் என்பவர் அந்த மோட்டாரை இயந்திரத்தில் செய்யத் தொடங்கிவிட்டார். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள், ராக்கெட் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் செருப்புக் கடைக்காரர். கடைக்காரன் என்றால் கேவலமாகப் பார்க்காதீர்கள் என்று அந்த வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை.

அந்த மோட்டாரில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே ஒரு குறி அச்சடித்திருப்பார்கள், சி6-5 என்று இருக்கும். சி என்பது மொத்த வலு, ஒரு எழுத்து தாண்டினால் வலு இரண்டு மடங்கு. 6 என்பது சராசரியாக எவ்வளவு உந்துகிறது என்பது. கடைசி 5 இருக்கிறதே, அது மேலே போவதற்கானது இல்லை. மருந்து எரிந்து முடிந்த பிறகு ஐந்து வினாடி கழித்து உள்ளே ஒரு சின்ன வெடிப்பு வந்து, மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே விடும், அதற்கான எண் அது. கீழே வருவதற்கு ஏற்பாடு இல்லாமல் மேலே விடக்கூடாது என்பது அவர்களுடைய பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. ராக்கெட்டின் மூக்கு, உடல், இறக்கையில் உலோகம் கூடாது, காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக்கூடாது, மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ சிக்கினால் எடுக்கப் போகக்கூடாது. சின்ன ராக்கெட்டாக இருந்தாலும் நாலரை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நாங்கள் பத்து மீட்டர் கயிறு போடுகிறோம்.

சரி, கல்பனாவுக்கு வருகிறேன்.

2003 பிப்ரவரி 1 ஒரு சனிக்கிழமை. கடையில் அப்போது சின்ன கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தது. கல்பனாவோடு ஏழு பேர் போன கொலம்பியா விண்கலம் நம் நேரப்படி இரவு 7.46-க்கு ஃபுளோரிடாவில் இறங்க வேண்டும். 7.29 வாக்கில் பேச்சு நின்றுவிட்டது. இறங்க இன்னும் பதினாறு, பதினேழு நிமிடம்தான். டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே வெள்ளைக் கோடுகள் இரண்டு, மூன்று, நாலாகப் பிரிந்து போவதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்கு வண்டி எடுக்க வந்தவர்கள் எடுக்காமலே நின்றார்கள்.

பிறகு காரணம் தெரிந்தது. ஜனவரி 16 அன்று கிளம்பி 82 வினாடியில் வெளியே இருந்த எரிபொருள் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து, இடது இறக்கையின் முன் விளிம்பில் அடித்திருக்கிறது. முக்கால் கிலோ கனம்தான். போன வேகத்தில் அது ஓட்டை போட்டுவிட்டது. அதோடேயே பதினாறு நாள் பூமியைச் சுற்றினார்கள், சுமார் எண்பது ஆய்வுகள் செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் மேலே சுற்றும்போது அந்த ஓட்டைக்கு வேலை இல்லை. திரும்பிக் காற்றுக்குள் நுழையும்போதுதான் சூடு உள்ளே புகுந்து இறக்கையைத் தின்றது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சில பொறியாளர்கள் கேட்டிருக்கிறார்கள், மேலிடத்தில் அதை நடத்திக்கொடுக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தொழிலே ஓட்டை தேடுவதுதான். டியூபைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், கையால் தடவினாலும் தெரியாது, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தால் ஒரு இடத்திலிருந்து முத்து முத்தாகக் கிளம்பும். பார்த்தால்தானே தெரியும்.

கல்பனா நமக்கு யார் என்று கேட்கிறீர்கள். கர்னாலில் பிறந்த பிள்ளை, சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து, 1982-இல் அமெரிக்கா போய், 1997 நவம்பரில் முதல் தடவை விண்வெளி போனதும் இதே கொலம்பியாவில்தான். நமக்கு யார் என்றால், 2002 செப்டம்பர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மெட்சாட் என்று ஒரு வானிலைச் செயற்கைக்கோள் போனது. விபத்து நடந்து நாலாவது நாள், பிப்ரவரி 5 அன்று, பிரதமர் வாஜ்பாய் அதற்குக் கல்பனா-1 என்று பெயர் மாற்றினார். மேகத்தைப் படம் பிடித்து அனுப்புவதுதான் அதன் வேலையாக இருந்தது. 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து போன ரயிலையும் வாரிக்கொண்டு போனபோது மேலேயிருந்து பார்த்துச் சொல்ல நமக்கென்று ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் இருக்கிறவன் மேகப் படம் அனுப்பிய பெண்ணுக்கு மாலை போடக்கூடாதா? அந்த நேரத்தில் ராஷ்டிரபதி பவனில் இருந்தவரும் எங்கள் தீவுக்காரர்தான். கலாமையும் நாங்கள் விடவில்லை, அவர் பிறந்த நாளான அக்டோபர் 15 அன்றும் ராக்கெட் விடுவோம். அவர் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பறவை எப்படிப் பறக்கிறது என்று புரியவில்லை என்றதும் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் மொத்த வகுப்பையும் ராமேஸ்வரம் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினார் அல்லவா, நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய தப்பா?

விண்வெளி வீரர் ஒருவர் மறைந்தால் ராக்கெட் விளையாட்டுக்காரர்கள் அவர் நினைவாக ஒன்றை ஏவுவது வெளிநாடுகளில் உண்டு. சார்தான் சொன்னார். நமக்கும் ஒன்று செய்யலாம் என்றார். ஏழு பேர் போனார்கள், ஏழு பாட்டில். ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இலான் ரமோன். பிள்ளைகள் மார்க்கர் பேனாவில் தமிழில் எழுதினார்கள். கல்பனா பாட்டில் யாருக்கு என்று சண்டை வந்து சீட்டு குலுக்கிப் போட வேண்டியிருந்தது. கல்பனா என்றால் கற்பனை என்று சார் சொன்னதும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்தப் பிள்ளை தனக்குத் தானே அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது என்று சொன்னதும், எங்கள் கூட்டத்தில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அப்ப நானும் மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் சீட்டு விழுந்தது.

எந்த பாட்டில் அதிக உயரம் போகிறதோ அதற்குப் பரிசு என்று வைக்கலாம் என்றேன் நான். சார் மறுத்துவிட்டார். உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் சேர்வது பாராசூட் விரிந்து வருவது மட்டும்தான் என்றார். அவர்கள் போகும்போது சாகவில்லை, வரும்போதுதான் செத்தார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதற்கு மேல் அவர் விளக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பாட்டில் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். கேஸ் அடைத்த குளிர்பான பாட்டில் மட்டும்தான் ஆகும், குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். வெயிலில் கிடந்ததும் நசுங்கினதும் வேண்டாம். முதலில் பாட்டில் நிறையத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அப்படியே வெடித்தாலும் புஸ்ஸென்று தண்ணீர் ஒழுகுமே தவிரச் சிதறாது, ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. காற்று நிறைந்த பாட்டில் வெடித்தால் வெடிகுண்டுதான். நான் காற்றழுத்த மானியில் 60 பவுண்டுக்கு மேல் ஏற விடமாட்டேன், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. ரப்பர் கார்க்கில் சைக்கிள் டியூப் வால்வைச் செருகியிருக்கிறேன், பாட்டில் கழுத்தைச் சுற்றி இருக்கும் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி, அதில் கட்டிய கயிறு, கயிற்றை இழுத்தால் விடுதலை. இறக்கைக்குப் பழைய ஃபைல் அட்டை. மூக்குக்கு இன்னொரு பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி, இறுக்காமல், தொப்பி மாதிரிச் சும்மா கவிழ்த்து வைப்பது. உச்சிக்குப் போய்ப் பாட்டில் குப்புறத் திரும்பும்போது தொப்பி நழுவி, உள்ளே மடித்து வைத்த குடைத்துணி வெளியே வரும். எட்டு நூல், நூலுக்குப் பதில் தங்கூசி என்கிற மீன்பிடி நைலான் நரம்பு, இந்தக் கரையில் அதற்கா பஞ்சம்.

சொல்லும்போது சுலபம். தொப்பி கொஞ்சம் இறுகினால் நழுவாது, கொஞ்சம் தளர்ந்தால் கிளம்பும்போதே காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விடும். டிசம்பர் முழுக்க இந்த ஒரு தொப்பியோடுதான் எங்களுக்குச் சண்டை. சார் வீட்டு மாடியிலிருந்து போட்டுப் பார்த்தோம், கடை வாசலில் கையால் தூக்கி எறிந்து பார்த்தோம், கடைசியில் தொப்பியின் உள்விளிம்பில் கொஞ்சம் பவுடர் தடவினால் வழுக்கும் என்று கண்டுபிடித்தது ஒரு எட்டாம் வகுப்புப் பையன். முகப் பவுடர்தான். அவன் அக்காவுடையது.

இப்போது பிளாஸ்டிக். டிசம்பரில் சோதனை விட்டது தெற்குக் கரையில். இந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியும், பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண்கடல் என்போம், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்போம், ஆனால் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பெண்கடல் குமுறும், ஆண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அமைதியாக இருக்கிறதே என்று அங்கே போனோம். வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, பாராசூட் விரிந்த பாட்டிலை அப்படியே கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பாட்டில். கடற்பூங்கா இருக்கும் கடல் அது. ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வல்லம் என்கிற நாட்டுப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர் ஒருவர் கடையில் கொண்டுவந்து வைத்து, "உன் ராக்கெட்டு என் வலையில மாட்டிருச்சு, மீனுக்குப் பதிலா இதைத்தான் விக்கணும்" என்றார். இன்னொன்று கிடைக்கவே இல்லை. அது தப்புதான், வாசகர் சொன்னது சரிதான். அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு கரையில் நடந்து ஒரு சாக்கு நிறையப் பாட்டில் பொறுக்கினோம். அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டிலிலும் கடையின் பெயரும் எண்ணும் பெயிண்டில் எழுதிவிடுகிறோம்.

பிப்ரவரியில் அதனால்தான் வடகரைக்கு மாறினோம். அங்கே வாடை கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. ராக்கெட் கிளம்பும்போது காற்று வரும் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும், பின்னால் இறக்கை இருப்பதால் காற்றுக்கோழி மாதிரி. ஆக முதலில் கடலைப் பார்த்துச் சாய்ந்து ஏறும், பாராசூட் விரிந்ததும் காற்று அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பாய் மரத்தில் போகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்களுக்கு இரண்டு பாட்டில் செலவாயிற்று.

அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது எல்லைக் கடல், அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் போலத்தான், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம். சொல்லாமல் செய்யக்கூடாது என்று ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் 'ராக்கெட்' என்ற வார்த்தையைப் படித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். இங்கே இல்லை அங்கே போங்கள் என்றார், அங்கே போனால் இங்கே அனுப்பினார்கள். நாலாவது நடையில் சார் மனுவைக் கிழித்துவிட்டு, "தண்ணீர் மற்றும் காற்றழுத்தம் குறித்த மாணவர் செய்முறை விளக்கம்" என்று எழுதிக் கொடுத்தார், முத்திரை விழுந்தது. ராக்கெட் என்று எழுதியே அனுமதி கேட்க ஓர் இடமும், இந்த நாளில் இந்தக் கரையில் விடலாம் என்று ஓர் ஏற்பாடும் மாவட்டத்தில் இருந்தால் இந்த மாதிரிப் பொய்யும் இல்லாத மெய்யும் இல்லாத வேலை எங்களுக்கு எதற்கு? இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அது ஒன்றுதான். 1963 நவம்பர் 21 அன்று கேரளாவின் தும்பா மீனவ கிராமத்தில் இந்தியாவிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் போனது, மாதா கோவிலை வேலைக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஊர், ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. கடற்கரைக்கும் ராக்கெட்டுக்கும் பழைய உறவு.

அன்றைக்குக் காவலர் ஒருவரும் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் முறைத்தார். ஐந்து நிமிடத்தில் தொப்பியைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டு அவரே பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் நாலு மணிக்குத் தொடங்கினோம். பிள்ளைகள் கடைசி பாட்டிலில் சின்ன லைட் கட்டி, சரியாக 7.29-க்கு விட வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். இருட்டில் பாராசூட் விரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது, விழுவது யார் தலையில் என்று எப்படித் தெரியும், முடியாது என்றுவிட்டேன். அதற்காக இரண்டு பேர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

முதலில் கல்பனா பாட்டில். ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணி முடித்ததும் கயிற்றை இழுத்தாள் அந்தச் சிறுமி. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவள் மேல் அரை லிட்டர் தண்ணீர், பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்புறம் மேலே சின்னதாக மினுங்கியது, திரும்பியது, தொப்பி தனியே, நீலக் குடைத்துணி தனியே. ஐம்பது மீட்டர் தள்ளிக் கோணமானியில் நூல் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் 40 டிகிரி என்று கத்தினான். கணக்குப் போட்டால் 42 மீட்டர் வந்தது, அதோடு அவன் உயரத்தையும் சேர்க்க வேண்டும் என்று அவனே சொன்னான். பாட்டில் கடல் மேலிருந்து ஆடி ஆடிக் கரைக்கு வந்து கருவாட்டுப் பாயைத் தாண்டி மணலில் உட்கார்ந்தது.

கருவாடு காயப்போட்டிருந்த பெரியம்மா ஒருவர் அதுவரை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது பாட்டில் இறங்கினதும் எழுந்து வந்து என்ன இது என்று கேட்டார். சார் சுருக்கமாகச் சொன்னார், ஏழு பேர், மேலே போனார்கள், திரும்பி வரும்போது போய்விட்டார்கள், அவர்கள் நினைவாக என்று. பெரியம்மா பாட்டிலில் இருந்த பெயர்களைப் பார்த்தார், படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. "இதுவரைக்கும் எத்தனை கரைக்கு வந்துருக்கு?" என்றார். மூன்று என்றோம். "அப்ப இன்னும் நாலு இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாய்க்குத் திரும்பிப் போகாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டுக்காரர் வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனவர். இந்தக் கரையில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது நன்றாகவே வந்தன, ஒன்று கருவேல முள்ளில் சிக்கிக் குடைத்துணி கிழிந்தது. ஏழாவது மெக்கூல் பாட்டில். எல்லாவற்றையும்விட நேராக, அழகாகப் போனது. உச்சியில் திரும்பியது. தொப்பி நழுவவில்லை. அப்படியே தலைகீழாக வந்து ஈர மணலில் குத்தியது. நான் பம்பை மடக்கிக் கட்டத் தொடங்கினேன், ஏழுக்கு ஆறு, நல்ல கணக்குத்தானே. யாரும் நகரவில்லை. கோணமானிப் பையன், "மெக்கூல் இன்னும் வரலையே" என்றான்.

உதிரி பாட்டில் ஒன்று இருந்தது. அதில் மறுபடி மெக்கூல் என்று எழுதினார்கள். அது கார்க்கிலேயே ஒழுகி, ஆள் உயரம் எழும்பி மண்ணில் புரண்டது. வால்வைக் கழற்றிப் புது வாஷர் போட்டேன், விரல் நடுங்கியது, எதற்கு நடுங்குகிறது என்று எனக்கே புரியவில்லை, பாட்டில்தானே. பவுடர் டப்பா காலி. பெரியம்மா மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார், அதைத் தடவினார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, எங்கள் விதிப்படி நான் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது தடவை போனது, திரும்பியது, தொப்பி கொஞ்சம் தயங்கி, நழுவியது. குடை விரிய இடம் போதாமல் பனை உயரத்தில்தான் விரிந்தது. ஆனாலும் விரிந்தது.

பெரியம்மா எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு கருவாட்டை அள்ளப் போய்விட்டார்.

உங்கள் வாசகருக்கு ஒரு திருத்தம். அவர் ஏழு பாட்டில் விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார், விட்டது ஒன்பது தடவை. அக்டோபர் 15 அன்று காற்று பார்த்துக் கரையைத் தீர்மானிப்போம், அவரும் வரட்டும், பம்ப் அடிக்க ஆள் தேவைப்படுகிறது. வரும்போது இரண்டு லிட்டர் காலி பாட்டில் இருந்தால் கொண்டுவரட்டும், குளிர்பான பாட்டில்தான், நசுங்காததாக.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
பாம்பன்.